சாய்ந்த கரும்பில் முதல் ஒரு மணி நேரம்

1

ஜனவரி 9 தேதியிட்ட கடிதம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். அதன் இரண்டாம் பத்தியைத் தமிழில் தருகிறேன்: "தங்கள் குழுவினர் பதினான்கு பேரிடமும் பெயர் கேட்காமல் பெற்ற கருத்துகளின் அடிப்படையில், தங்கள் மேற்பார்வைப் பொறுப்பு தொண்ணூறு நாட்களுக்குக் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது. அதன் முடிவில் கருத்துகள் மீண்டும் பெறப்படும். முன்னேற்றம் இல்லையெனில் தாங்கள் முந்தைய பணிக்குத் திரும்ப நேரிடும்."

நான் வேலை செய்வது டொரன்டோவுக்கு வடமேற்கே உள்ள ஓர் உணவுப்பொருள் கிடங்கில். முந்தைய பணி என்றால், கடைகள் கேட்கும் சரக்கைத் தட்டு தட்டாகத் தேடி எடுத்து வண்டியில் அடுக்குவது. ஏழு வருடம் அதைச் செய்துதான் மேற்பார்வையாளர் ஆனேன். இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது, வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. நேற்றுவரை நான் நேரம் குறித்தவர்களுக்கு நடுவில் போய் நின்று, இன்னொருவர் என் நேரத்தைக் குறிப்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கடிதம் சொன்னது அதைத்தான்.

இணைப்பில் கருத்துகள் இருந்தன. பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி. மறக்க முடியாதது ஆறாவது: "எல்லாவற்றையும் எழுதுகிறார். எதையும் கேட்பதில்லை."

நான் எழுதுகிறவன்தான். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், பேருந்து வந்த நேரம், படித்து முடித்த புத்தகம் எல்லாம் தேதியோடு இருக்கும். கிடங்கிலும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை நான் என் பலம் என்று நினைத்திருந்தேன். மேலாண்மை பற்றி முப்பத்தொரு புத்தகம் படித்திருக்கிறேன், அதற்கும் பட்டியல் உண்டு. என்னைப் போல ஒரு மேற்பார்வையாளர் அந்தக் கிடங்குக்குக் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம் என்பதுதான் அதுவரை என் கணிப்பு.

2

அதே வாரத்தில், ஜனவரி 13 அன்று, என் மகள் நிவேதா தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தாள். கல்லூரியில் வணிக நிர்வாகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள் என்றாலும், அவள் அறைக் கதவைப் பார்த்துத்தான் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்கிறோம். அப்படிப்பட்டவள் தானாக வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அப்பா, இதுல தேதி, ஊர் பேரு எல்லாம் கரெக்டா இருக்கான்னு பாருங்க. நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்."

கட்டுரையின் தலைப்பு, 'நான் அறிந்த சிறந்த மேலாளர்'. நேரில் பார்த்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது பாடத்தின் விதி. முதல் வரியைப் படிக்கும் வரைக்கும், அது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அவள் எழுதியிருந்தது என் தம்பி ஏழுமலையைப் பற்றி.

டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் அவள் கச்சிராயபாளையத்துக்குப் போயிருந்தாள். ஏழுமலை அங்கே கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு பேர், பதினோரு ஜோடி. புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி காய்ந்த தோகையை, அங்கே சொல்கிற சோகையை, உரித்துக் கட்டுக் கட்டுவாள். பாதிப்பேர் கல்வராயன் மலையிலிருந்து பருவத்துக்கு இறங்கி வருகிறவர்கள். ஆலையிலிருந்து எந்தக் கரும்புக் கொல்லைக்கு உத்தரவு வருகிறதோ அந்தக் கொல்லைக்கு அவர்களைக் கூட்டிப்போய், வெட்டி, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியது அவன் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். மறுபடி எழுதச் சொல்லி நான் விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்து கொடுத்தேன். அதை மடித்துக் கத்தியின் கைப்பிடிக்கு ஆப்பாகச் செருகிவிட்டான்.

நிவேதாவின் கட்டுரையிலிருந்து மூன்று வரி: "மற்ற மேஸ்திரிகளிடம் ஆட்கள் ஒரு பருவம் நின்றால் அதிகம். என் சித்தப்பாவிடம் சிலர் பதினொரு பருவமாக வருகிறார்கள். கொல்லையில் எது மோசமான வரிசையோ, காற்றில் சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்பு எதுவோ, அதை அவர் தானே எடுத்துக்கொண்டு நாள் முழுக்க வெட்டுகிறார்."

நான் கச்சிராயபாளையத்தின் எழுத்துக்கூட்டலைத் திருத்தினேன். கோமுகி அணைக்கு அவள் போன நாள் டிசம்பர் 22 இல்லை, 23 என்று அவளுடைய புகைப்படத்தின் தேதியைக் காட்டி மாற்றினேன். மேலும் இரண்டு காற்புள்ளி.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"வேற ஒண்ணும் தப்பு இல்ல."

"எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். கண்காணிப்புக் கடிதம் பற்றி அதுவரை அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா செல்விக்கு மட்டும் தெரியும்.

3

பொறாமை என்ற சொல்லை மற்றவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நான் தேதியோடு சொல்லிவிடுகிறேன். ஜனவரி 13 இரவுச் சாப்பாட்டிலிருந்து எனக்குத் தம்பி மேல் பொறாமை. அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தேன்.

போன முறை ஊருக்குப் போனபோது சின்னசேலத்தில் ரயில் இறங்கி, கள்ளக்குறிச்சி வழியாக டவுன் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"மேஸ்திரி ஏழுமலைக்கு நீங்க இன்னா வேணும்?"

"அண்ணன்."

"மூக்கு அப்டியே இருக்குதேன்னு பாத்தேன். பெட்டிய அந்தாண்ட தள்ளிட்டு ஜன்னல் ஓரமா குந்துங்க சார்."

பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்து வந்தவனை, முதுநிலைப் பட்டம் பெற்றவனை, அண்ணன் என்ற தகுதியில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். என் மூக்கு அவனுடைய மூக்காகிவிட்டது.

இன்னொன்று. நான்கு வருடத்துக்கு முன் அவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தான். பருவம் கூட இல்லை, ஆடி மாதம். மலையிலிருந்து ஆறு பேர், வெள்ளிமலையில் பஸ் பிடித்து, ஒரு மூட்டை சாமை அரிசியோடு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அவன் மனைவி தொலைபேசியில் சொன்னாள். போன நவம்பரில் நான் முதுகுப் பிடிப்பில் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். ஐந்தாம் நாள் கிடங்குக்குள் நுழைந்தபோது பாவெல் மட்டும் திரும்பிப் பார்த்தார். போலந்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, உறைபனிப் பகுதியில் ஏழாம் வரிசையைப் பார்ப்பவர். "விடுமுறை எங்கே போனீர்கள்?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் வலித்தது. நான் ஏன் இல்லை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செல்வியிடம் இதைச் சொன்னேன். அவள் சங்கராபுரத்துப் பெண், சுற்றி வளைக்க மாட்டாள்.

"பாவெலு வூட்ல எத்தினி பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. அவர் எத்தனை முறை தாமதமாக வந்தார் என்பது தெரியும்.

4

நான் செய்த முட்டாள்தனத்தை முழுதாக எழுதிவிட வேண்டும். மேலாளராக ஆகப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள், ஓசூரிலோ சென்னையிலோ பத்துப் பேரை நடத்தத் தொடங்கியிருப்பவர்கள், இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தம்பி மோசமான வரிசையை எடுத்துக்கொள்கிறான், அதனால் ஆட்கள் அவனை விடுவதில்லை. சரி, என்னிடமும் மோசமான வரிசை இருக்கிறது. உறைபனிப் பகுதியின் ஏழாம் வரிசை. உள்ளே வெப்பம் கழித்தல் இருபத்திரண்டு. மீன், இறைச்சி, கனமான பெட்டிகள். அங்கேதான் பாவெலின் வேகம் எப்போதும் குறைவு. அதற்காக அவருக்கு நான் மூன்று எச்சரிக்கைச் சீட்டு கொடுத்திருந்தேன், மூன்றுக்கும் தேதி உண்டு.

பிப்ரவரி 3 காலை, கனமான அங்கி போட்டுக்கொண்டு உள்ளே போய், பாவெலிடம், "இன்று நீங்கள் வெளியே இலகுவான வரிசையைப் பாருங்கள், இதை நான் செய்கிறேன்," என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். தன் கையிலிருந்த ஸ்கேனரோடு வெளியே போனார். அச்சிட்ட பட்டியலைப் பார்த்து மூன்றரை மணி நேரம் நான் பெட்டி அடுக்கினேன். முழங்கால் கத்தியது. ஆனாலும் மனசுக்குள் ஒரே பெருமை. வெளியே வரும்போது பதினான்கு பேரும் என்னை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

வேறு கண்ணால்தான் பார்த்தார்கள். பிற்பகல் இரண்டரைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதி டோரீன் என் மேசைக்கு வந்து ஒரு முறையீட்டுப் படிவத்தை வைத்தார். ஜமைக்காவில் பிறந்தவர், குரலை உயர்த்தாமலே அறையை நிரப்புவார்.

"ஒப்பந்தத்தின்படி மேற்பார்வையாளர் தொழிலாளியின் வேலையைச் செய்யக் கூடாது. உங்களுக்குத் தெரியும்."

"உதவிக்காகத்தான் செய்தேன்."

"பாவெல் அப்படி நினைக்கவில்லை. மூன்று எச்சரிக்கை கொடுத்தீர்கள். நான்காவதாக அவருடைய இடத்தில் நீங்களே நின்று, அவரைவிட வேகமாகச் செய்து காட்டுகிறீர்கள். ஐந்தாவது என்ன, வெளியே போ என்பதா?"

நான் தடுமாறினேன். பதற்றம் வந்தால் என் ஆங்கிலம் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிவிடும். "ஒரு நாள் அட்ஜஸ்ட் செய்தேன், அவ்வளவுதான்," என்றேன். நம்மூரில் அது தணிந்து போகிற சொல். அவர் பேனாவை எடுத்து, "எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள்? நேரப் பதிவையா?" என்று கேட்டு அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். அதை விளக்க இன்னொரு படிவம், அதற்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு குறிப்பு. எல்லாம் சேர்ந்து பதினொரு பக்கம் ஆயிற்று.

தொண்ணூறில் இருபத்தைந்து நாள் போயிருந்தது. இருந்ததைவிடக் கீழே போயிருந்தேன்.

5

அன்று மாலை ஆறரைக்குத் தம்பியை அழைத்தேன். அங்கே விடியற்காலை ஐந்து. அவன் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான் என்று தெரியும். வேண்டுமென்றேதான் அந்த நேரம். அவனைப் பற்றி அவன் மகளாகிவிட்ட என் மகள் எழுதியது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது.

"இன்னாணா இந்நேரத்துல? அண்ணி, பாப்பால்லாம் நல்லா இருக்காங்களா?"

நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைச் சொல்லவில்லை, முறையீட்டை மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

"அவன் வேலைய நீ புடுங்கிக்கினா அவனுக்கு கோவம் வராம இன்னா வரும்? நானா இருந்தா கத்தியப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்."

"நீ செய்யறதத்தான்டா நான் செஞ்சேன். சாஞ்ச கரும்ப நீதான வெட்டுற? நிவேதா எழுதியிருக்கா."

"யாரு, நானா? நாள் முழுக்கவா? அப்புறம் லாரிக்கு யாரு நிப்பாங்க, ஆலைக்கு யாரு பேசுவாங்க?" சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "மொத ஒரு மணி நேரந்தாண்ணா வெட்டுவேன். டீ வர்ற வரிக்கும். அதுக்குள்ள தெரிஞ்சிரும், இது எவ்ளோ புடிக்கும், ஆள இன்னா பண்ணும்னு. அப்புறம் சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு உழுதோ அந்த ஜோடிகிட்ட குடுத்துட்டு, 'இதுல மத்தியானத்துக்குள்ள பாதி வந்தா ஜாஸ்தி, அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்'னு சொல்லிட்டு வந்துருவேன். நானே வெட்டலன்னா எவ்ளோ கேக்கறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"நிவேதா நாள் முழுக்கன்னு..."

"பாப்பா ஆறு மணிக்கு எங்கூட வரும், சோகை அரிக்குதுன்னு ஏழு மணிக்கு டீ வர்றதுக்குள்ள வூட்டுக்கு ஓடிரும். அது பாத்தது அவ்ளோதான்."

கட்டுரையின் அந்த வரியை மனசுக்குள் திருத்தினேன்.

"உன் ஆளு ஏன் நிதானமா செய்றான்?" என்று கேட்டான்.

"தெரியல."

"கேட்டியா?"

"நேரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"அத கேக்கல. போன வருசம் சடையன்னு ஒருத்தன், மலையாளு, நல்லா வெட்டுறவன். திடீர்னு ஜாணு ஜாணா கட்டைய உட்டுட்டு மேல வெட்றான். கரும்பு அடியிலதான சத்து, ஆலைல ஏசுவாங்க, கொல்லக்காரன் அடுத்த வெட்டுக்கு மறுதாம்பு தழையாதுன்னு கத்துறான். நான் இன்னாடா கட்ட உடுறேன்னு கேக்கல. கூட குந்தி நாலு கரும்பு வெட்டுனேன். குனிஞ்சப்போ பாத்தா வவுத்தப் புடிச்சிக்கினு குனியறான். குடல் எறக்கம். பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லல. அன்னிக்கே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போனேன். நான் கத்தியிருந்தா அவன் இன்னும் கீழ குனிஞ்சி வெட்டியிருப்பாண்ணா. செத்திருப்பான்." டிராக்டர் சத்தம் நெருங்கியது. "சரிணா, வண்டி வந்துச்சி. வெச்சிரட்டா?"

முப்பத்தொரு புத்தகங்களின் பட்டியலை அன்று எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடிக்கோடு இருந்தது. 'நானே வெட்டலன்னா எவ்ளோ கேக்கறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்' என்பதற்குச் சமமான ஒரு வரி அவற்றில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். நான் அடிக்கோடிட்ட வரிகளில் இல்லை.

மகளிடம் போய், கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது என்று சொன்னேன். முதல் ஒரு மணி நேரம்தான், நாள் முழுக்க இல்லை என்றேன். அவள் அதை ஏற்கெனவே ஒப்படைத்து, வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

"நீங்கதானப்பா செக் பண்ணீங்க."

"தேதிய மட்டுந்தான் பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். அப்போதுதான் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, ஆறாவது கருத்தின் மேல் விரலை வைத்தாள். படித்துக் காட்டாமல் விட்டது அவளுடைய மரியாதை.

6

மறுநாள் டோரீனிடம் போய், ஏழாம் வரிசையில் பாவெலுடன் இரண்டு மணி நேரம் நிற்க அனுமதி கேட்டேன். ஒரு பெட்டியைக் கூடத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்புப் பிரிவு, மனிதவளப் பிரிவு, சங்கம் என்று மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. பத்து நாள் ஆயிற்று. நம்மூரில் என்றால் டீக்கு முன்னால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் படிவங்கள் இல்லாவிட்டால் பாவெல் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார் என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14. நோட்டை வெளியே வைத்துவிட்டுப் போனேன். அதுதான் கடினமாக இருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் அவர் பெட்டி அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக, என்னைவிட வேகமாகத்தான் வேலை செய்தார். பிறகு கையிலிருந்த ஸ்கேனரின் திரை அணைந்துபோனது. பெட்டியில் ஒட்டிய பார்கோடை அதில் காட்டினால்தான் அடுத்த பெட்டி எது என்று அது சொல்லும். பாவெல் அங்கியின் ஜிப்பைத் திறந்து அதை அக்குளுக்குள் வைத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஐந்து வருடத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"சூடு காட்டுகிறேன். குளிரில் பேட்டரி படுத்துவிடும். நான்கு நிமிடம் வைத்தால் எழுந்துகொள்ளும்."

"ஒரு நாளைக்கு எத்தனை முறை?"

"நீங்கள்தான் எழுதி வைத்திருக்கிறீர்களே," என்றார்.

எழுதித்தான் வைத்திருந்தேன். வெளியே வந்து நோட்டைப் புரட்டினேன். 10.40, நான்கு நிமிடம் சும்மா. 11.35, நான்கு நிமிடம் சும்மா. 1.15, நான்கு நிமிடம் சும்மா. மாதக்கணக்கில், பக்கம் பக்கமாக, ஒரு கருவியின் நோயை ஒரு மனிதனின் சோம்பல் என்று துல்லியமாகப் பதிவு செய்திருந்தேன்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு அவர், "ஆறு வருடம் முன்பு உங்களுக்கு முன்னிருந்தவரிடம் சொன்னேன். கருவியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று எழுதினார்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது என்றும் வீட்டில் தானும் ஒரு பூனையும்தான் என்றும் சொன்னார். செல்வி கேட்ட கேள்விக்கான பதிலை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

குளிர் தாங்கும் பேட்டரி வாங்க இன்னொரு ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை இரண்டு ஸ்கேனர்களை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். காலைக் கூட்டத்தில், பதினான்கு பேர் முன்னால், மூன்று எச்சரிக்கைச் சீட்டையும் திரும்பப் பெறுவதாகவும் தவறு என்னுடையது என்றும் சொன்னேன். கைதட்டல் எல்லாம் இல்லை. யாரோ இருமினார்கள். பாவெல் தலையை அசைத்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒருவரிடம் குறை சொல்ல வேண்டுமானால் அவரைத் தனியே அழைத்து அன்றே சொல்லிவிடுகிறேன், ஊறப்போடுவதில்லை. நல்லது சொல்ல வேண்டுமானால் நாலு பேர் இருக்கும்போது சொல்கிறேன். ஒரு வேலையை ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணம் எனக்கே தெரியாவிட்டால், அதைச் செய்யச் சொல்வதை நிறுத்திவைத்து, முதலில் காரணத்தைத் தேடுகிறேன். ஒரு ஆள் திடீரென்று மோசமாக வேலை செய்தால், அவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி, அவர் எப்படிப்பட்டவர் என்பது கடைசிக் கேள்வி. முந்தி முடித்தவர் பின்தங்கியவரின் வரிசையில் மறுமுனையிலிருந்து நுழைவது ஏழுமலையின் ஆட்களிடம் வழக்கம், மேஸ்திரி சொல்ல வேண்டியதே இல்லை. அதை இங்கே கொண்டுவர முயன்றேன், சங்க விதி இடம் தரவில்லை. விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது.

எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது பக்கம் ஒரு கோடு போட்டு ஒரு புதுப் பத்தி விட்டிருக்கிறேன். அதன் தலைப்பு: 'கேட்டபோது சொன்னது'. அது காலியாக இருந்தால் இடது பக்கத்தை யாரிடமும் காட்டுவதில்லை.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தவை இல்லை என்பதுதான் என் எரிச்சல். ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்யும்போது, அட, இதை அவன் எப்போதோ செய்துகொண்டிருப்பான் என்று தோன்றும். நல்லது நடந்த சந்தோஷம் பாதியாகிவிடும்.

7

ஏப்ரல் 9, தொண்ணூறாம் நாள். மனிதவள அதிகாரி என்னை அழைத்து உட்காரச் சொன்னார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் கருத்துத் தந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் என்னைப் பிடிக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஒருவர், "முன்னைவிட அதிகமாக எழுதுகிறார், ஆனால் முதலில் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார். கண்காணிப்பு முடிந்தது, பதவி தொடரும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்கள். வாகன நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். முழங்காலைத் தடவிக் கொடுத்தேன்.

வீட்டில் நிவேதா, "ஸோ, நீங்க பாஸ்," என்றாள். செல்வி கேசரி செய்தாள்.

ஏழரைக்குத் தம்பியை அழைத்தேன். மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டதால் இப்போது அவனுடைய ஐந்து மணிக்கு எனக்கு ஏழரை. முதல் முறையாகக் கடிதத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உன் ஒரு மணி நேரத்தைத்தான் திருடினேன் என்றும் சொன்னேன். நன்றி சொல்வது எனக்கு எளிதல்ல, அவனுக்குச் சொல்வது இன்னும் கடினம்.

"இன்னாணா புதுசாச் சொல்ற மாதிரி சொல்ற?" என்றான். "அது நீ பண்ணதுதான?"

"எது?"

"மொத ஒரு மணி நேரம். நீ காலேஜி லீவுல வந்தப்போ. எனக்கு கணுக்கால்ல கத்தி பட்டுச்சின்னு ஒனக்குக் கத்தியக் குடுத்தேன். வாய்க்கா ஓரத்துக் கொல்ல, எல்லாம் சாஞ்சி கெடந்துச்சி. நீ டீ வரிக்கும் வெட்டிப் பாத்துட்டு மேஸ்திரிகிட்ட போயி, 'இது இவ்ளோதான் வரும், அவங்கள அடிக்காத'ன்னு சொன்ன. அந்தாளு ஒன்ன மொறச்சான். அதப் பாத்துக்கினுதான நான் நின்னேன்."

"நானா?"

"பின்ன யாரு? சரி, வண்டி வந்துச்சி. அண்ணிகிட்ட கேசரி எனக்கும் ரெண்டு கரண்டி வெக்கச் சொல்லு."

எனக்கு நினைவில்லை. என் கல்லூரிக்கால நாட்குறிப்புகள் ஐந்தும் இங்கேதான், நிலவறையில், ஒரு பெட்டியில் இருக்கின்றன. அந்த வார இறுதி முழுக்க அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒவ்வொரு விடுமுறையும் இருக்கிறது. சேலத்திலிருந்து வந்த பஸ்ஸின் நேரம், படித்த புத்தகம், அணையின் தண்ணீர் மட்டம் எல்லாம் இருக்கின்றன. கரும்பு வெட்டியதாக ஒரு வரி இல்லை. தம்பிக்குக் கணுக்காலில் வெட்டு விழுந்ததாகவும் இல்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் மட்டும் பதினொரு நாள் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். காரணம் குறிக்கவில்லை. கை காப்புக் காய்த்துப் பேனா பிடிக்க முடியாமல் இருந்திருக்கலாம். காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம்.

வேறொரு விளக்கமும் இருக்கிறது. தளர்ந்துபோன ஒரு ஆளை நிமிர்த்த என்ன சொல்ல வேண்டும் என்று ஏழுமலைக்குத் தெரியும், அது அவன் தொழில். அப்படியென்றால், என் தம்பி என்னையும் தன் இருபத்திரண்டு பேரில் ஒருவனைப் போல நடத்தியிருக்கிறான், அதுவும் மிக நன்றாக. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் எனக்குப் பழைய பொறாமை அப்படியே திரும்பி வருகிறது.

கேட்டுத் தெரிந்துகொள்ள வழி தேடினேன். அந்தக் காலத்து மேஸ்திரி உயிரோடு இல்லை. வாய்க்கால் ஓரக் கொல்லை இரண்டு கை மாறிவிட்டது. கணுக்காலில் தழும்பு இருக்கிறதா என்று நிவேதாவைக் கேட்டேன். சித்தப்பாவின் கால் எப்போதும் சேறாகத்தான் இருந்தது, கவனிக்கவில்லை என்றாள்.

அந்தப் பதினொரு நாள் இடைவெளிக்கு எதிரே பென்சிலால் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "இந்நாட்களில் நான் கரும்பு வெட்டியதாக ஏழுமலை சொல்கிறான். சரிபார்க்கப்படவில்லை."